பார்க்காதது என்று ஒரு கட்டம்

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டினார்கள். ஊரார் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களைப் பாதாளச் சாக்கடையோடு சேர்ப்பதைப் பதினோரு வருஷம் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். என் சொந்தத் தெருவுக்கு அந்தச் சாக்கடை வந்து சேர்ந்ததோ நான் ஓய்வு பெற்ற பிறகு. இதை நினைத்து நினைத்து என் வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறார்.

ஆய்வுக்கு நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள், மரியாதையான பெண். செருப்பில் மண் படாமல் பள்ளத்தின் ஓரமாக நின்று, கைபேசியில் மூன்று படம் எடுத்து, விரலால் நாலு தட்டுத் தட்டினாள்.

"அவ்ளோதான் மேடம். மூடிடச் சொல்லுங்க."

"குனிஞ்சு பாத்தியாம்மா?"

"போட்டோ ஏத்தினா போதும் மேடம். இப்ப எல்லாம் ஆப்லதான்."

"சரி, பாக்காததை எங்க எழுதுவ?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்காததை யாராவது எழுதுவாங்களா மேடம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் 'மொளகா மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவள் என்ன செய்வாள்? உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, ஷமீம் ஆபாவின் கிணற்றுக் கதையைச் சொன்னேன். காபி ஆறியது, அவள் எழுந்திருக்கவில்லை. "இதை எழுதிக் குடுங்க மேடம், செக்‌ஷன்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அதனால்தான் இது. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். பாலாற்றங்கரை ஊர், காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துத் தெருவை எழுப்பும் ஊர். எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ ஊர் இருக்கிறது, உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியாத்தத்துக்காரி. அப்பா லுங்கித் தறி வைத்திருந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்னால் சாயங்களின் பெயரைப் படித்துவிடும். ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு, சில வருஷம் தற்காலிக வேலை, பிறகு நகராட்சிப் பொறியியல் பிரிவில் நிரந்தரம். என் உத்தியோகத்தின் முதல் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். வரைபடத்தில் கழிவறை எங்கே, குழாய் எங்கே என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். கோட்டைத்தான் தெரியும், குழாயைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்து, வீட்டு இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விதிகளை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஓர் இணைப்புதான். பக்கத்து வீட்டுக் குழாயை உன் வீட்டு வழியாகக் கொண்டுவரக் கூடாது. மாடியில் விழும் மழைத் தண்ணீரை இதில் விடக் கூடாது. சமையலறைத் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைக்கும் சின்னத் தொட்டி வழியாகத்தான் வர வேண்டும். குழாய்க்கு வாட்டம் சரியாக இருக்க வேண்டும். சரிவு கம்மியானாலும் அடைக்கும், ஜாஸ்தியானாலும் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது தங்கிவிடும். உரிமம் வாங்கிய பிளம்பர்தான் போட வேண்டும். தடித்த எழுத்தில் கடைசியாக ஒன்று: ஆய்வாளர் எல்லா ஜாயின்ட்டையும் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை பள்ளத்தை மூடக் கூடாது.

பேஜார் வந்தது இந்தக் கடைசி விதியில்தான். முஸ்லிம் தெருக்களில் பகலில் ஆம்பளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள், கடைக்கோ கம்பெனிக்கோ போயிருப்பார்கள். எங்கள் ஆய்வாளர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "வீட்ல அவர் இல்ல, சாயங்காலமா வாங்க." சாயங்காலம் இவர்களுக்கு டூட்டி முடிந்துவிடும். பள்ளங்கள் நாள்கணக்கில் திறந்தே கிடந்தன. ஒரு பள்ளத்தில் ஆடு விழுந்தது. இன்னொன்றில் கவுன்சிலர் விழுந்தார். கவுன்சிலர் விழுந்த மறுநாள் ஞானசேகரன் சார் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் எங்கள் உதவிப் பொறியாளர். பள்ளம் தோண்டுகிறவரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். பேச்சு கம்மி, குரல் அதைவிடக் கம்மி. அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் பேசாமல் நம்மைப் பார்த்தாலே நமக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருக்கும்.

"அம்மா, நீங்க இத்தனை வருஷமா பாத்ரூம் வரைஞ்சிருக்கீங்க. நேர்ல போய்ப் பாக்கறீங்களா?"

"சார், எனக்குப் பிளம்பிங்ல ஒண்ணும் தெரியாதே."

"நீங்க போனா கதவு தொறப்பாங்க. மீதியை நான் சொல்லித் தர்றேன்."

இப்படித்தான் நான் ஆய்வாளர் ஆனேன். கதவு திறந்தது மட்டுமா? போகிற வீட்டிலெல்லாம் டீ, சமோசா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை. முதல் மாதத்திலேயே எனக்கு இரண்டு கிலோ கூடிவிட்டது.

சாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். மீசை சீவவும் அதுதான், குழாய் பார்க்கவும் அதுதான். குழாயின் ஒரு முனையில் ஆள் டார்ச் அடிக்க, மறுமுனையில் சார் முட்டி போட்டுக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பார். குழாய் நேராக இருந்தால் கண்ணாடியில் முழு வட்டமாக வெளிச்சம் தெரியும். நடுவில் தொய்ந்திருந்தால் பிறைதான் தெரியும். பிறை தெரிந்தால் பிரித்துத் திரும்பப் போட வேண்டும், வேறு பேச்சே இல்லை. பிளம்பர்களுக்கு இது பெரிய கேலி. நான் கண்ணாடியோடு குனிந்தால் போதும், "இன்னா மேடம், பிறை தெரிஞ்சுடுச்சா? நாளைக்குப் பெருநாளா?" என்பார்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கீழ் முனையை அடைத்துக் குழாய் நிறையத் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் பார்ப்போம், மட்டம் இறங்கக் கூடாது. அதற்கும் அடுத்தது சாயம். கழிவறையில் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுத் தெரு மேன்ஹோலில் அதே கலர் வருகிறதா, வரக் கூடாத இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாயத்துக்கு எங்கே போவேன்? அப்பாவிடம் வாங்கி வந்தேன். அசல் லுங்கிச் சிவப்பு.

அந்தச் சிவப்பு ஒருமுறை என் மானத்தை வாங்கியது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் மாடி மழைத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் சேர்த்திருந்தார், கேட்டால் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். நான் யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போய் ஒரு டப்பா சாயத்தைக் கரைத்துக் கொட்டினேன். இரண்டு தெரு தள்ளி மேன்ஹோலில் சிவப்பாகப் பொங்கியது. தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த எங்கள் ஊரில் கலர் தண்ணீர் என்றால் யாருக்கு முதலில் என்ன தோன்றும்? 'எவனோ டேனரிக்காரன் தெறந்து உட்டுட்டான்' என்று கூட்டம் கூடி, மறியலுக்கு உட்கார்ந்து, போலீஸ் ஜீப் வந்துவிட்டது. நான் காலி டப்பாவோடு கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறேன்! சார் வந்து பார்த்தார். கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போது என்னிடம், "இனிமே ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லிட்டு ஊத்துங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஆனால் அவரிடம் நான் கற்றதில் முக்கியம் அந்த நோட்டுப் புத்தகம். ஆய்வுப் பதிவேடு. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் பிரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் சார் மூன்று கட்டம் போட வைத்திருந்தார். முதல் கட்டம், பார்த்தது. இரண்டாவது, சொன்னது, அதாவது நாம் பார்க்கவில்லை, பிளம்பரோ வீட்டுக்காரரோ சொல்லக் கேட்டது. மூன்றாவது, பார்க்காதது. இந்த மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் புத்தகம் திரும்பி வந்துவிடும்.

"ஒண்ணுமே பாக்காம விட்டது இல்லியாம்மா?"

"இல்ல சார், எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"அவ்ளோ பாக்கறதுக்கு நம்மால ஆவாதும்மா. யோசிச்சு எழுதிட்டு வாங்க."

எனக்கு எரிச்சலாக வரும். 'மாடிக் காற்றுக் குழாய், ஏணி இல்லை' என்று எழுதுவேன். 'சுவருக்குள் போகும் குழாய்' என்று எழுதுவேன். ஒரு நாள் கடுப்பில் 'வீட்டுக்காரரின் மனசு' என்று எழுதிவிட்டேன். சார் படித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் பச்சை மையில் டிக் போட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

இனி ஷமீம் ஆபா. உருதுவில் ஆபா என்றால் அக்கா. அறுபது தாண்டியவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகளைப் பேரணாம்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். ஆபா தனியாள், ஆனால் அந்த வீட்டைத் தனி வீடு என்று யாரும் சொல்ல முடியாது. காரணம் கிணறு. எங்கள் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. ஏன் உப்பு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்தச் சந்திலேயே ஆபா வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். காலையில் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிடுவார். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்று சந்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் குடத்தோடு வந்துவிடுவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்குக் கம்பெனியில் ஓவர்டைம், எல்லாம் அந்தக் கிணற்றடியில் பேசி முடிந்துவிடும். ஆபாவுக்கு அதுதான் சொந்தபந்தம்.

ஆபா வீட்டுக்கு இணைப்புப் போட்டது அந்தோணி. கைசுத்தமான பிளம்பர், கலகலப்பான ஆள். அடிபம்பு ரிப்பேரும் பார்ப்பார். அவர் மனைவிக்கு ஷூ கம்பெனியில் வேலை. நான் ஆய்வுக்குப் போனபோது அது அன்றைக்கு ஆறாவது வீடு. முட்டி இரண்டும் கழன்று போயிருந்தது. பள்ளம் முழுக்கத் திறந்திருந்தது, கிணற்றை ஒட்டிய பாத்ரூம் சுவர் ஓரத்தில் மட்டும் ஒரு கடப்பைக் கல் போட்டு மூடியிருந்தது. பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் ஜாயின்ட் அதற்குக் கீழே.

"அதை ஏன் மூடினீங்க அந்தோணி?"

"பொம்பளைங்க தண்ணி சேந்த வர்றாங்க மேடம், கால் தவறிடப் போவுதுன்னு. பக்காவா போட்டுட்டேன். நான் பொறுப்பு."

கல்லைத் தூக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆபா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அந்தக் கல்லின் மேலேயே போட்டார். "காலைலேருந்து நின்னுனே கீறியேம்மா, மொதல்ல உக்காரு." கையில் டீ, தட்டில் சமோசா. உட்கார்ந்தேன். நான் பார்க்க வேண்டிய ஜாயின்ட்டின் மேல் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டேன். பிறகு பதிவேட்டில் முதல் கட்டத்தில் 'எல்லா ஜாயின்ட்டும்' என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் வழக்கம்போல 'சுவருக்குள் போகும் குழாய்'. சார் டிக் போட்டுவிட்டார்.

ஆறேழு மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஆபா மகளின் பிரசவத்துக்குப் பேரணாம்பட்டு போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். வந்த மறுநாள் கிணற்றுத் தண்ணீரில் நாற்றம். நாலைந்து நாளில் அது தானாகவே போய்விட்டது, எல்லாரும் மறந்துவிட்டார்கள். கோடையில் பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு தடவை போனார். திரும்பி வந்ததும் மறுபடி நாற்றம். இந்தத் தடவை சந்தில் இரண்டு குழந்தைகளுக்கு வாந்திபேதி. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன, ஆனால் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்து தண்ணீர் எடுத்துப் போய்ப் பரிசோதித்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் காரணம் தெரியாவிட்டால் கிணற்றை மண் போட்டு மூடிவிட வேண்டும்.

நான் ஓடினேன். கண்ணாடி வைத்துப் பார்த்தேன், முழு வட்டம். தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன், அரைமணியில் நூல் அளவுகூட இறங்கவில்லை. சாயம் ஊற்றினேன், சொல்லிவிட்டுத்தான் ஊற்றினேன். தெரு மேன்ஹோலில் சிவப்பு வந்தது, கிணற்றில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் கையெழுத்து தப்பித்தது.

சுகாதார ஆய்வாளர் சொன்னார்: "அப்ப குழாய்ல தப்பு இல்ல. ஊத்துத் தண்ணியே கெட்டுடுச்சு, டேனரித் தண்ணி ஊறி வந்துடுச்சு. மூடிட வேண்டியதுதான்."

 அவர் போன பிறகு ஆபா என்னைப் பார்த்தார். "ஏம்மா, உன் பைப்பு நல்லாத்தான் கீதா?"

"ஆமா ஆபா."

"அப்ப என் கெணறுதான் கெட்டதா?"

 நான் சோதனை செய்யச் செய்யக் குழாய் பாஸாகிறது, கிணறு சாகிறது. அன்றைக்குக் காலையில் கிணற்றடியில் ஒரு குடம்கூட இல்லை. ஆபா கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்.

மறுநாள் காலை அந்தச் சந்து முனையைத் தாண்டும்போது இரண்டு பெண்கள் பழைய அடிபம்பில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல கிணறு போய்விட்டதால் பாத்திரம் கழுவவாவது ஆகட்டும் என்று உப்புத் தண்ணீர் பம்புக்கு வந்திருந்தார்கள். கைப்பிடி லொடலொடவென்று ஆடியது, தண்ணீர் வரவில்லை. ஒருத்தி வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பம்பின் தலையில் ஊற்றினாள்.

"இன்னாத்துக்கு ஊத்தறே?" என்றேன்.

"ரொம்ப நாளா யாரும் அடிக்கல மேடம். உள்ள கீற தோலு வாஷரு காஞ்சு சுருங்கிப் போச்சு. ஊறினாத்தான் புடிக்கும்."

சொல்லிக்கொண்டே அடித்தாள். நாலாவது அடியில் தண்ணீர் பிடித்தது.

பம்புக்குள் இருப்பது தோல். அடிபம்பு ரிப்பேர் பார்க்கிற அந்தோணி, ஷூ கம்பெனியில் வேலை செய்கிற மனைவி, நான் பார்க்காத ஜாயின்ட். ஆபா ஊருக்குப் போனால் குழாய் காய்கிறது, திரும்பி வந்தால் நாறுகிறது, நாலு நாளில் சரியாகிவிடுகிறது. நான் சோதனை செய்யும்போதெல்லாம் அது ஊறியல்லவா இருந்திருக்கிறது!

நேராகச் சாரிடம் போய்ச் சொன்னேன். ஜாயின்ட்டில் தோல் சுற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் சொன்னேன். நான் அதைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

சார் யோசித்தார். "இப்ப தோண்டினா ஊறின தோலு கெட்டியா இருக்கும். ஒழுகலயேன்னு சொல்லிடுவாங்க. சந்தேகத்தை வெச்சு ஒருத்தர் லைசென்ஸ்ல கை வைக்கவும் கூடாது. காய வைங்கம்மா. காய வெச்சு ஊத்துங்க."

நோட்டீஸில் பாக்கி பதிமூன்று நாள். நான் ஆபாவைப் பத்து நாள் மகள் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"மறுபடியுமா? மாப்ள இன்னா நெனப்பாரு? கெழவி மூட்டையோட வந்துட்டான்னு நெனக்க மாட்டாரு?"

"கிணத்துக்காக ஆபா."

 ஆபா சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

பதினோராவது நாள் காலை ஆபா வந்தார். சார் வந்தார், சுகாதார ஆய்வாளர் வந்தார், அந்தோணியையும் வரச் சொல்லியிருந்தோம். சந்தே வாசலில் நின்றது. நான் நாலு பக்கெட் சிவப்புக் கரைத்துக் கழிவறையில் ஊற்றினேன். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் ஆனது. அப்போது கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆபா, "யா அல்லா" என்றார். உள்சுவரில் இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவின் லுங்கிச் சிவப்பு, எனக்குத் தெரியாதா?

கடப்பைக் கல்லைத் தூக்கினார்கள். அந்தோணி தானே இறங்கித் தோண்டினார். ஜாயின்ட்டில் தோல் வாரைச் சுற்றியிருந்தது, காய்ந்து சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்தோணி பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பழைய மண் குழாய்க்கும் புதுசுக்கும் சைசு சேரல சார். ரப்பர் ரிங்கு நிக்கல. ஒசத்தித் தோலு, எண்ணெய்ல ஊற வெச்சு இழுத்துச் சுத்தினேன். அடிபம்புல வருஷக்கணக்கா நிக்குதே, இதுல நிக்காதான்னு..." வாரை உருவி மேலே வைத்தார். "அது தெனம் ஓடற பம்பு. இந்தம்மா ஊருக்குப் போவாங்கன்னு நான் யோசிக்கவேயில்ல சார். மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டேன்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் பதிவேட்டில் என் கையெழுத்தில் 'பார்த்தது: எல்லா ஜாயின்ட்டும்' என்று இருக்கிறதே! அப்படியானால் ஆய்வின்போது ஜாயின்ட் ஒழுங்காக இருந்தது, அப்புறம்தான் அந்தோணி பிரித்துத் தோல் வைத்து ஏமாற்றினார் என்றுதான் அர்த்தமாகும். அதற்கு உரிமம் நிரந்தரமாக ரத்து. அந்த ஆள் அப்புறம் எந்த ஊரிலும் குழாயைத் தொட முடியாது.

சாயங்காலம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.  பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"சார், அந்த ஜாயின்ட்டை நான் பாக்கல. அவர் சொன்னாரு, நான் எழுதிட்டேன். அது மேல உக்காந்து சமோசா தின்னுட்டு இருந்தேன் சார்."

அழுதுவிட்டேன். சார் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து பேண்ட்டில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"அழிக்காதீங்க. வெள்ளை பூசாதீங்க. பழைய எழுத்து தெரியற மாதிரி ஒரே கோடு போடுங்க. இரண்டாவது கட்டத்துல 'கிணற்றோர ஜாயின்ட், பிளம்பர் சொன்னது'ன்னு எழுதுங்க. மூணாவதுலயும் எழுதுங்க. இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க." பேனாவை என் கையில் வைத்து, "கீழ நானும் போடறேன். கேக்காம டிக் போட்டது நான்தானே?" என்றார்.

எனக்கு மெமோ வந்தது, அவருக்கும் வந்தது. என் மெமோ இன்னும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அந்தோணிக்கு மூன்று மாதம் தடை, அதோடு முடிந்தது. அந்த ஜாயின்ட்டைப் பிரித்து, சைசு மாற்றும் இரும்புத் துண்டு வைத்து, அவரே திரும்பப் போட்டார். நான் இந்தத் தடவை பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். கிணற்றைத் தரை தெரிய இறைத்து, கல்லைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊற விட்டு மறுபடி இறைத்தோம். தண்ணீர் பரிசோதனைக்குப் போனது, சுத்தம் என்று தாள் வந்தது. நோட்டீஸைக் கிழித்தார்கள். கிணறு பிழைத்தது.

ஆனால் குடம் வரவில்லை. ஒரு வாரம் ஆபா ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பெண்கள் வாசலோடு சலாம் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு, உப்புத் தண்ணீர் பம்புக்குப் போனார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் பிள்ளைகள்தானே படுத்துக் கிடந்தன?

எட்டாவது நாள் ஆபா எனக்குப் போன் செய்தார். "காலைல ஆறு மணிக்கு வா. அந்த நோட்டையும் எடுத்துனு வா."

போனேன். ஆபா எல்லா வீட்டுக் கதவையும் தட்டி அழைத்திருக்கிறார். பெண்கள் வெறும் கையோடு நின்றார்கள். அவர் தானே சேந்தி, ஒரு பெரிய டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கிப் பாக்காம கையெழுத்துப் போட்டல்ல? இன்னிக்கி எல்லாரும் பாக்கக் குடி."

ஒரே மூச்சில் குடித்தேன். சில்லென்று தொண்டையில் இறங்கியது.

"இன்னொன்னு."

அதையும் குடித்தேன். "எப்படி கீது?" என்றார். "இனிக்குது ஆபா" என்றேன். நிஜமாகவே இனித்தது. "அப்ப எழுது. இங்கயே எழுது" என்றார்.

அதே ஸ்டூல், அதே கடப்பைக் கல். உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே உருளை கிறீச்சிட்டது, வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. யாரோ ஓடிப்போய்க் குடம் எடுத்து வந்திருக்கிறார்கள்.

மறுநாள் பதிவேடு சார் மேஜைக்குப் போனது. முதல் கட்டத்தில், 'பார்த்தது: கிணற்றுத் தண்ணீர் இரண்டு டம்ளர் குடித்தேன். இனிப்பு' என்று இருந்தது. இரண்டாவது கட்டத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், 'பார்க்காதது: எனக்கு அடுத்து முதல் குடம் எடுத்தது யார் என்று. கண்ணில் தண்ணீர் நின்றதால் தெரியவில்லை.'

சார் இரண்டு முறை படித்தார். பச்சை மையில் டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.